லிஸ்ப்பில் ஃபஸ்ஸி லாஜிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதிக் கொஞ்சம் பழக்கம் உண்டு, லிஸ்ப் என்ற நிரல்மொழியின் அடைப்புக்குறிகளைக் கண்டால் மட்டும் தயக்கம் என்பவர்களுக்காக இது. எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான்: அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சீலிங் ஃபேன். என் வீட்டில் ஒன்றைச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது சொதப்பிய கதையும் கீழே உண்டு.

ஃபஸ்ஸி லாஜிக் என்றால் என்ன?

"இன்று சூடா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்ற இரண்டு பதிலோடு நிறுத்தாமல், "எந்த அளவுக்குச் சூடு?" என்று கேட்டு 0 முதல் 1 வரை ஒரு எண்ணை வாங்குவது. 0 என்றால் துளியும் இல்லை. 1 என்றால் சந்தேகமே இல்லை. நடுவில் உள்ளதெல்லாம் நடுவில். பாடப்புத்தகங்களில் இந்த எண்ணுக்கு மெம்பர்ஷிப் என்று பெயர். நான் 'அளவு' என்றே சொல்லப்போகிறேன்.

பாகூவில் பிறந்து, பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லாட்ஃபி சாதே 1965இல் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். அதற்குப் பத்துப் பதினைந்து பக்கக் கணிதத்துக்கு மேல் தேவைப்படவில்லை. இன்றும் தேவையில்லை.

வாஷிங் மெஷினில் ஒட்டியிருக்குமே, அதே ஃபஸ்ஸி லாஜிக்கா?

அதேதான். 1990களில் நம் வீடுகளுக்குள் இந்தச் சொல் வந்ததே அப்படித்தான். துணியின் எடை, அழுக்கு இவற்றைப் பார்த்துத் தண்ணீரையும் நேரத்தையும் முடிவு செய்யும் சில விதிகள். அதற்கு முன்பே, 1987இல், ஜப்பானில் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயிலை ஹிட்டாச்சி இதே முறையில் தானாக ஓட்டிக் காட்டியிருந்தது.

பைத்தானில் இதற்கென்றே நூலகங்கள் இருக்கின்றனவே, ஏன் லிஸ்ப்?

நூலகம் வேண்டும் என்றால் பைத்தானுக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. லிஸ்ப்பில் நூலகம் தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான். 'சூடு' என்பது ஒரு சார்பு: வெப்பநிலையைக் கொடுத்தால் அளவைத் தரும். 'மிக' என்பது ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பைத் தரும் சார்பு. விதி என்பது ஒரு பட்டியல். ஜான் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப்பைத் தொடங்கியபோதிலிருந்தே அந்த மொழியில் கையில் இருப்பவை இவைதாம்: சார்புகள், பட்டியல்கள். ஃபஸ்ஸி லாஜிக்கின் மொத்தச் சரக்கும் முப்பது வரிக்குள் அடங்கிவிடுகிறது.

இது புது யோசனையும் இல்லை. ரிக் லஃபேவர் 1974இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபஸ்ஸி என்ற பெயரிலேயே ஒரு மொழியை லிஸ்ப்பின் மேல் கட்டினார்.

நிரலெல்லாம் தமிழில் இருக்கிறதே. இது நிஜமாகவே ஓடுமா?

யூனிகோடு பெயர்களை ஏற்கும் ஸ்கீமில் (லிஸ்ப்பின் ஒரு வகை) ஓடும். ஸ்கீமின் ஆர்6ஆர்எஸ் (2007), ஆர்7ஆர்எஸ் (2013) தரங்களில் நூலகத்தை இறக்கும்போதே அதிலுள்ள பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். டிஃபைன், லாம்ப்டா போன்ற அடிப்படைச் சொற்களுக்கும் இது பொருந்தும். நான் வைத்திருக்கும் பெயர்கள்: டிஃபைன் இங்கே 'வரையறு', லாம்ப்டா 'சார்பு', மேக்ஸ் 'பெரியது', மின் 'சிறியது' (மின் என்றே விட்டால் கரண்ட் ஞாபகம் வருகிறது), லிஸ்ட் 'பட்டியல்', மேப் 'ஒவ்வொன்றும்', அப்ளை 'சேர்த்து', டிஃபைன்-சிண்டாக்ஸ் 'புதுத்தொடர்', சிண்டாக்ஸ்-ரூல்ஸ் 'வடிவங்கள்'.

ஒரு பொறி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ொ' என்ற ஒற்றைக் குறியாக, அல்லது 'ெ', 'ா' என இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லிஸ்ப்புக்கு அவை இரண்டு வேறு பெயர்களாகிவிடலாம். 'கொஞ்சம்' என்ற சார்பை ஒரு விசைப்பலகையில் எழுதி, இன்னொரு கருவியில் தட்டிய வரியில் அழைத்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. பெயர் கண்ணெதிரே இருக்கிறது! அரை நாள் போயிற்று. ஒரே விசைப்பலகையில் எழுதுங்கள்.

'சூடு' என்பதை எப்படி எழுதுவது?

ஒரு வெப்பம்வரை 0, இன்னொரு வெப்பத்துக்கு மேல் 1, நடுவில் நேர்கோட்டில் ஏற்றம். இவ்வளவு போதும்:

```
(வரையறு (ஏறுமுகம் அ ஆ)
  (சார்பு (க)
    (பெரியது 0 (சிறியது 1 (/ (- க அ) (- ஆ அ))))))

(வரையறு சூடு (ஏறுமுகம் 28 36))
(வரையறு ஈரம் (ஏறுமுகம் 50 90))
```

28 டிகிரி வரை சூடு இல்லை. 36க்கு மேல் முழுச் சூடு. ஈரப்பதம் 50 சதவீதத்தில் தொடங்கி 90இல் நிறைகிறது. 'ஏறுமுகம்' ஒரு எண்ணைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒரு சார்பையே செய்து கையில் கொடுக்கிறது. அதற்கு 'சூடு' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அதன்பின் (சூடு 34) என்று கேட்டால் 3/4.

புத்தகங்களில் முக்கோணம், சரிவகம், மணி வடிவம் என்றெல்லாம் படம் போட்டிருப்பார்கள். முக்கோணம் வேண்டுமென்றால் ஓர் ஏறுமுகத்தையும் ஓர் இறங்குமுகத்தையும் எடுத்து அவற்றில் சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். மணி வடிவத்தால் என் விசிறிக்கு எந்த நன்மையும் வரவில்லை.

(சூடு 31) என்று கேட்டால் 3/8 என்று வருகிறது. பிழையா?

பிழை இல்லை, பெருமை. ஸ்கீம், காமன் லிஸ்ப், க்ளோஜர் என்ற லிஸ்ப் வகைகள் மூன்றிலும் முழு எண்களை வகுத்தால் பின்னம் பின்னமாகவே நிற்கும். 0.375 என்று தசமமாக உருமாறாது. நம் பழைய கணக்கில் இதற்குப் பெயரே உண்டு: காலே அரைக்கால். கால், அரைக்கால், மாகாணி என்று முழுமைக்குக் குறைந்ததற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழிக்கு ஃபஸ்ஸி லாஜிக் ஒன்றும் அந்நியமில்லை என்பது என் எண்ணம்.

வசதி என்னவென்றால், கையால் போட்ட கணக்கோடு விடை அப்படியே ஒத்துப்போகும். சோதித்துப் பார்ப்பது சுலபம். சென்சார் 34.2 என்று தசமத்தில் அனுப்பத் தொடங்கியதும் விடையும் தசமமாகிவிடும். அது பரவாயில்லை.

எனக்கு எப்போதும் 0 அல்லது 1 மட்டுமே வருகிறது, நடுவில் எதுவுமே வருவதில்லை. ஏன்?

ஈமாக்ஸ் லிஸ்ப், நியூலிஸ்ப், ஆட்டோலிஸ்ப் இவற்றில் ஒன்றில் எழுதுகிறீர்கள். அங்கே (/ 3 8) என்றால் 0. முழு எண் வகுத்தலில் மீதி போய்விடும். 28க்குப் பதில் 28.0 என்று எழுதுங்கள். நியூலிஸ்ப்பில் அதுவும் போதாது, டிவ் என்ற தனி வகுத்தலைப் பயன்படுத்த வேண்டும்.

'மற்றும்', 'அல்லது' இவற்றுக்கு லிஸ்ப்பில் ஏற்கெனவே இருக்கும் ஆண்ட், ஆர் போதாதா?

போதாது. அதுமட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஸ்கீமிலும் காமன் லிஸ்ப்பிலும் 0 என்பது உண்மை என்றே கொள்ளப்படும். பொய்க்கென்று தனி மதிப்பு இருக்கிறது, 0 அது இல்லை. ஆகவே 0, 1/2 இரண்டையும் ஆண்டுக்குக் கொடுத்தால், "முதலாவது உண்மைதானே" என்று தாண்டிப்போய் 1/2 என்று சொல்லும். சரியான விடை 0. பிழைச் செய்தி எதுவும் வராது. தப்பான விடை அமைதியாக வந்து உட்காரும்.

இதே காரணத்தால், (சூடு 20) என்பதை நேராக இஃப் நிபந்தனைக்குள் போட்டால் மார்கழிக் காலையிலும் அது 'சூடு' என்றே நடந்துகொள்ளும். ஒப்பீட்டுக் குறி போட்டுக் கேளுங்கள். அல்லது இஃப்பையே தவிருங்கள்.

நமக்கு வேண்டியவை மூன்று வரி:

```
(வரையறு மற்றும் சிறியது)
(வரையறு அல்லது பெரியது)
(வரையறு (இல்லை க) (- 1 க))
```

'மற்றும்' என்பதற்குச் சிறியதை எடுப்பதுதான் ஒரே வழியா?

இல்லை. 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். சூடு 3/4, ஈரம் 1/2. சிறியதை எடுத்தால் அரை. இரண்டையும் பெருக்கினால் காலே அரைக்கால். கூட்டி ஒன்றைக் கழித்து, 0க்குக் கீழே போனால் 0 என்றே வைக்கும் முறையில் (போலந்துத் தருக்கவியலாளர் வூகாசியேவிச்சின் பெயரில் உள்ளது) கால். மூன்றும் கணித ரீதியில் முறையானவையே. 0, 1 மட்டும் வந்தால் மூன்றுமே பழைய தருக்கத்தோடு ஒத்துப்போகும்.

எதை எடுப்பது? சிறியதில் தொடங்குங்கள். அதில் ஒரு குறை: ஈரம் அரையில் நிற்கும்வரை சூடு 1/2 ஆனாலும் 1 ஆனாலும் விடை நகராது. பெருக்கலில் இரண்டில் எது நகர்ந்தாலும் விடை நகரும். மாற்றுவது லிஸ்ப்பில் ஒரு வரி வேலை: 'மற்றும்' என்ற பெயருக்கு 'சிறியது' என்பதற்குப் பதில் பெருக்கல் குறியைக் கொடுத்தால் விதிகள் எல்லாம் புதுக் கணக்குக்கு மாறிவிடும்.

"சூடு அல்லது சூடு இல்லை" என்று கேட்டால் 1 வர வேண்டாமா?

32 டிகிரியில் சூடு 1/2, சூடு இல்லாமையும் 1/2, பெரியதும் 1/2. ஆமாம், 1 வராது. வரவும் வேண்டாம். நடுவில் ஒன்றுமே கிடையாது என்ற விதியைக் கைவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறோம்.

இது நிகழ்தகவுதானே, வேறு பெயரில்?

இதை ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். "நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு" என்றால் நாளை சாயங்காலம் அது தீர்ந்துவிடும். பெய்திருக்கும், அல்லது பெய்திருக்காது. "இப்போது பெய்வது 0.7 அளவுக்குத் தூறல்" என்பது அப்படித் தீராது. நனைந்துகொண்டே நின்று பார்த்தாலும் அது 0.7 தூறல்தான். முதலாவதில் நமக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் தெரியும், சொல்லின் எல்லை மட்டும்தான் மங்கல்.

விதிகளை எப்படி எழுதுவது?

லிஸ்ப்பைப் பிடித்துப்போவது இந்த இடத்தில்தான். நான் எழுத விரும்புவது இது:

```
(வரையறு (புழுக்கம் வெ ஈ)
  (மற்றும் (சூடு வெ) (ஈரம் ஈ)))

(விதிகள் விசிறி-வேகம் (வெ ஈ)
  ((புழுக்கம் வெ ஈ) என்றால் 5)
  ((மற்றும் (சூடு வெ) (இல்லை (ஈரம் ஈ))) என்றால் 3)
  ((இல்லை (சூடு வெ)) என்றால் 1))
```

'வெ' வெப்பநிலை, 'ஈ' ஈரப்பதம், வலப்பக்கம் ரெகுலேட்டர் எண். லிஸ்ப்பில் வழக்கமாகச் செயல் முன்னால் வரும். நமக்கோ "புழுக்கம் என்றால் ஐந்தில் வை" என்று நிபந்தனைக்குப் பின்னால்தான் 'என்றால்' வரும். அந்த வரிசையை மொழிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மேக்ரோ:

```
(புதுத்தொடர் விதிகள்
  (வடிவங்கள் (என்றால்)
    ((_ பெயர் (உள்ளீடு ...) (அளவு என்றால் விடை) ...)
     (வரையறு (பெயர் உள்ளீடு ...)
       (எடைச்சராசரி (பட்டியல் அளவு ...)
                     (பட்டியல் விடை ...))))))

(வரையறு (எடைச்சராசரி அளவுகள் விடைகள்)
  (/ (சேர்த்து + (ஒவ்வொன்றும் * அளவுகள் விடைகள்))
     (சேர்த்து + அளவுகள்)))
```

இதையே சாதாரணச் சார்பாக எழுத முடியாது. சார்பை அழைத்தால் அதற்குள் அனுப்புவதை முதலில் கணக்கிட்டுவிடும். அந்த நேரத்தில் 'வெ' என்னவென்றே யாருக்கும் தெரியாது. மேக்ரோ எதையும் கணக்கிடாமல், எழுதியதை எழுதியபடியே எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடுகிறது. மூன்று புள்ளிகள் "இதுபோல் எத்தனை வந்தாலும்" என்பதைக் குறிக்கும். நூறு விதி எழுதினாலும் மேக்ரோ இதே ஆறு வரிதான்.

ஒரு முறை கையால் போட்டுக் காட்ட முடியுமா?

34 டிகிரி, 70 சதவீதம். முதல் விதி: சூடு 3/4, ஈரம் 1/2, சிறியது 1/2. இரண்டாவது: சூடு 3/4, ஈரமின்மை 1/2, மறுபடி 1/2. மூன்றாவது: சூடின்மை 1/4.

மேலே: 5இல் அரை இரண்டரை, 3இல் அரை ஒன்றரை, 1இல் கால். மொத்தம் நாலேகால். கீழே: அரை, அரை, கால், சேர்த்து ஒன்றேகால். வகுத்தால் 17/5, அதாவது 3.4. ஸ்கீமும் 17/5 என்றே சொல்லும்.

வெப்பம் 35 ஆனால் 11/3. ஒரு டிகிரிக்குக் கால் படிக்கும் சற்று அதிகமாக ஏறுகிறது. "35க்கு மேல் போனால் 5, இல்லாவிட்டால் 3" என்று இஃப் போட்டு எழுதியிருந்தால் 35ஐத் தாண்டும் கணத்தில் விசிறி தூக்கிப்போட்டதுபோல் சுழலத் தொடங்கியிருக்கும்.

இதில் வலப்பக்கம் வெறும் எண் இருப்பதால், இது தக்காகியும் சுகேனோவும் 1985இல் தந்த முறையின் மிக எளிய வடிவம்.

அப்படியென்றால் சொதப்பிய கதை?

மழை விட்ட ஒரு ராத்திரி. வெப்பம் 29, ஈரப்பதம் 90. காற்று அசையவில்லை. வியர்த்து எழுந்து பார்த்தால் விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கணக்கைப் போட்டேன்: சூடு 1/8, ஈரம் 1, புழுக்கம் 1/8. மூன்றாவது விதி 7/8 பலத்தோடு "சூடு இல்லை, 1இல் வை" என்கிறது. விடை 3/2. கணக்கில் பிழை இல்லை. நிரலிலும் பிழை இல்லை.

பிழை, சொல்லைப் புரிந்துகொண்டதில் இருந்தது. புழுக்கம் என்பது சூடும் ஈரமும் சேர்ந்தது என்று எழுதிவிட்டேன். ஆனால் நாம் அந்தச் சொல்லை அப்படியா பயன்படுத்துகிறோம்? மே மாத மத்தியானத்தை "வெயில் கொளுத்துகிறது" என்போம். வெயிலே இல்லாத, வெறும் வெதுவெதுப்பும் ஈரமும் மட்டும் உள்ள ராத்திரியைத்தான் "புழுங்குகிறது" என்போம். புழுக்கத்துக்குச் சூடு வேண்டாம், வெதுவெதுப்பு போதும். ஆக:

```
(வரையறு வெதுவெதுப்பு (ஏறுமுகம் 24 30))

(வரையறு (புழுக்கம் வெ ஈ)
  (மற்றும் (வெதுவெதுப்பு வெ) (ஈரம் ஈ)))
```

கடைசி விதியிலும் 'சூடு இல்லை' என்பதை 'வெதுவெதுப்பு இல்லை' என்று மாற்றினேன். இப்போது அதே 29க்கும் 90க்கும் வெதுவெதுப்பு 5/6, புழுக்கம் 5/6, இரண்டாவது விதி 0, மூன்றாவது 1/6. விடை 13/3, நாலுக்கும் கொஞ்சம் மேல். தூங்கலாம்.

எண்களை 28லிருந்து 27, 27லிருந்து 26 என்று மாற்றிக்கொண்டே போயிருந்தால் இது பிடிபட்டிருக்காது. விதி தவறான விடை தந்தால், எண்ணைத் தொடுவதற்கு முன் அந்தச் சொல்லை வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த விதியுமே பொருந்தாவிட்டால்?

அளவுகளின் கூட்டுத்தொகை 0 ஆகும், 0ஆல் வகுக்கப் பார்க்கும், ஸ்கீம் பிழை காட்டி நின்றுவிடும். மேலே உள்ள மூன்று விதிகளில் அந்த நிலை வராது. வெதுவெதுப்பு நிறைவதற்கு முன்பே சூடு தொடங்கிவிடுகிறது. நீங்கள் எழுதும் விதிகளில் இடைவெளி விழலாம். வெப்பத்தை 15 முதல் 45 வரை, ஈரப்பதத்தை 0 முதல் 100 வரை ஓடவிட்டு ஒரு முறை சோதித்துவிடுங்கள். மூவாயிரத்துச் சொச்சம் அழைப்புகள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

'மிகச் சூடு', 'கொஞ்சம் சூடு' இவற்றை எழுத முடியுமா?

முடியும். சாதே தந்த வழி: 'மிக' என்றால் அளவை இருமடிப் பெருக்கு, 'கொஞ்சம்' என்றால் வர்க்கமூலம் எடு.

```
(வரையறு (மிக எது)
  (சார்பு (க) (* (எது க) (எது க))))
```

((மிக சூடு) 34) என்றால் 9/16, அதாவது அரைக்கு மேல் ஒரு மாகாணி. தொடக்கத்தில் இரண்டு அடைப்புக்குறி ஏன் என்றால், (மிக சூடு) முதலில் ஒரு புதுச் சார்பாகிறது, பிறகு அதற்கு 34 தரப்படுகிறது. பார்க்க அழகுதான். 'மிக மிகச் சூடு'கூட எழுதலாம்.

ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 36இல் சூடு 1. ஒன்றின் இருமடியும் ஒன்றே. அப்படியானால் 36 டிகிரி சூடும்தான், முழு அளவில் மிகச் சூடும்தான் என்றாகிறது. வேலூரில் மே மாதம் இருந்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். மிகச் சூடு வேண்டுமென்றால் (ஏறுமுகம் 35 42) என்று தனியாக வரையறுத்துவிடுங்கள். அப்புறம், வர்க்கமூலம் எடுத்தால் பெரும்பாலும் பின்னம் போய்த் தசமம் வந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மம்தானி முறை என்கிறார்களே, அது வேறா?

இப்ராஹிம் மம்தானியும் அவர் மாணவர் அசிலியனும் லண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஒரு சிறு நீராவி எந்திரத்தை விதிகளால் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். கட்டுரை 1975இல் வந்தது. அவர்கள் முறையில் "5இல் வை" என்று எண் இருக்காது, "வேகமாக வை" என்று சொல்தான் இருக்கும். 'வேகமாக' என்பதும் ஓர் ஏறுமுகம். விதியின் அளவு அரை என்றால் அந்த வடிவத்தை அரை உயரத்தில் வெட்டிவிட்டு, எல்லா விதிகளின் வெட்டிய வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, மொத்தத்தின் புவியீர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

லிஸ்ப்பில் வெட்டுவது ஒரு சார்பு: `(சார்பு (ய) (சிறியது அளவு (வேகமாக ய)))`. மேலே போடுவது 'பெரியது'. மையத்துக்கு 0 முதல் 5 வரை நூறு இடங்களில் மதிப்பெடுத்து எடைச்சராசரி. முன்பு எழுதிய அதே சார்பு இதற்கும் உதவும். ஒரு விசிறிக்கு இவ்வளவு எதற்கு என்றுதான் நான் எண்ணிலேயே நின்றுவிட்டேன்.

ஃபஸ்ஸிகிளிப்ஸ் கற்றுக்கொள்ளலாமா?

கிளிப்ஸ் என்பது நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985இல் பிறந்த, விதிகளுக்கென்றே ஆன மொழி. அடைப்புக்குறி எல்லாம் லிஸ்ப் மாதிரியே இருக்கும், உள்ளே எழுதப்பட்டிருப்பது சி மொழியில். அன்று லிஸ்ப் ஓடக்கூடிய கணினிகள் அரிது, விலையும் அதிகம் என்பதால் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்திரத்தை மாற்றினார்கள். அதன்மேல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் கட்டியதுதான் ஃபஸ்ஸிகிளிப்ஸ். வரம்பு, அலகு, சொற்கள் மூன்றையும் ஒரே இடத்தில் அறிவித்துவிட்டு விதிகளை எழுதிக்கொண்டே போகலாம். மம்தானி முறையின் வெட்டலும் மையமும் உள்ளேயே உண்டு.

பத்து உள்ளீடு, இருநூறு விதி, ஒரு விதியின் முடிவு இன்னொன்றைத் தூண்ட வேண்டும் என்றால் அது நல்ல வழி. மூன்று விதிக்கு அதை நிறுவுவது, தோசைக்கு அரைக்க மில்லுக்குப் போவது மாதிரி. ஒரு எச்சரிக்கை: அதில் அளவு தவிர 'நம்பக அளவு' என்று இன்னோர் எண்ணும் 0க்கும் 1க்கும் இடையில் வரும். சென்சாரை எவ்வளவு நம்பலாம் என்பது அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"ஏன் இந்த வேகம்?" என்று நிரலையே கேட்க முடியுமா?

முடியும். மேக்ரோவுக்குள் ஒரு மேற்கோள் குறி போதும். அதன் வார்ப்பில், அதாவது 'வரையறு' என்று தொடங்கும் பகுதியில், 'அளவு' என்பதற்கு முன் அந்தக் குறியைப் போட்டு, இன்னொரு பட்டியலையும் சேர்த்துவிட்டால், விதியின் கணக்கிட்ட மதிப்போடு விதியின் எழுத்தும் அப்படியே கிடைக்கும். பழைய விதிகளோடு அந்த மழை ராத்திரிக்கு அச்சானது இது:

```
(1/8 (புழுக்கம் வெ ஈ) 5)
(0   (மற்றும் (சூடு வெ) (இல்லை (ஈரம் ஈ))) 3)
(7/8 (இல்லை (சூடு வெ)) 1)
```

குற்றவாளி மூன்றாவது வரி என்பது பார்த்ததுமே தெரிகிறது அல்லவா?

எங்கே பயன்படுத்தக் கூடாது?

துல்லியமான சமன்பாடு ஏற்கெனவே கையில் இருக்கும் இடத்தில். எல்லை சட்டத்தால் வரையறுக்கப்பட்ட இடத்தில்: வாக்களிக்க 18 வயது என்றால் 18தான், 17/18 அளவுக்கு வாக்காளர் என்று ஒருவர் கிடையாது. விதியைச் சொல்லித்தர அனுபவசாலி யாரும் இல்லாத இடத்திலும் வேண்டாம்.

3.4 என்று விடை வருகிறது, ரெகுலேட்டரில் 3, 4 மட்டும்தானே உண்டு?

முழு எண்ணாக்கினால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். விடை 3.49, 3.51 என்று ஆடும்போது ரெகுலேட்டர் 'டிக் டிக்' என்று 3க்கும் 4க்கும் தாவிக்கொண்டே இருந்தது. இப்போது, தற்போதைய படியிலிருந்து 0.7க்கு மேல் விலகினால் மட்டும் படி மாற்றுகிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் பழைய இஃப் உட்கார்ந்திருக்கிறது.